தேய்ந்த மேசைகளின் சூரிச்

சூரிச் பழைய நகரத்தில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் வாசலுக்கு மேலே ஓர் ஆண்டு எழுதியிருக்கும். 1300களும் 1400களும் அங்கே சர்வசாதாரணம். அந்த எண்ணைப் பார்த்து மயங்கி உள்ளே போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது: வீட்டுக்கு ஒரு வயது, தவறணைக்கு வேறு வயது. பரடேபிளாட்ஸ் சதுக்கத்துக்கு அருகிலிருக்கும் சொய்க்ஹவுஸ்கெல்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடம் 1487இல் எழுந்தது. ஆனால் அது நகரத்தின் ஆயுதக் கிடங்கு. அந்தக் கூடத்தில் பியர் ஓடத் தொடங்கியது 1926இல்தான். சுவரில் தொங்கும் ஈட்டிகளையும் கவசங்களையும் பார்த்துவிட்டு ஐந்நூறு வருஷத் தவறணையில் குடித்தேன் என்று ஊருக்குப் படம் அனுப்புகிறவர்களை நான் தடுப்பதில்லை. சந்தோஷமாக இருக்கட்டும்.

ஒரு தவறணையின் உண்மையான வயதை மேசைதான் சொல்லும். நல்ல பழைய தவறணையில் மேசைப் பலகைக்கு வார்னிஷ் இராது. ஊசியிலை மரத்தை வருஷக்கணக்காகத் தேய்த்துக் கழுவிக்கொண்டே வந்தால் மெதுவான பகுதி கரைந்து பள்ளமாகும். கணுக்கள் மட்டும் கரையாமல் மேலே துருத்தி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினால் அந்தக் கணுக்கள் தட்டுப்படும். விளிம்பு முழங்கை வைத்து வைத்தே உருண்டிருக்கும். இதை எந்தத் தச்சனாலும் புதிதாகச் செய்து தர முடியாது. செய்து தர முயன்றவர்களும் இருக்கிறார்கள். விளிம்பு ஒரே சீராக உருண்டிருக்கும், அதிலேயே பிடிபட்டுவிடுவார்கள். ஆட்கள் அப்படி ஒரே சீராக உட்காருவதில்லை.

இந்தக் கணக்கில் என் மனதில் முதலிடம் ஓப்ஃபெல்ஹாமருக்கு. நீடர்டோர்ஃப் பகுதியில், ரிண்டர்மார்க்ட் என்ற சரிவான சந்தில் 12ஆம் இலக்கம். வைன் ஊற்றத் தொடங்கியது 1801இல். நகரத்தில் மாறாமல் மிஞ்சியிருக்கும் வைன் தவறணைகளில் இதுவே மூத்தது. இருக்கும் இடம் சின்னது. மரப்பலகை அடித்த சுவர், தாழ்ந்த கூரை. 2010 மே மாதம் மூடிய இடங்களில் புகைப்பதற்குத் தடை வரும்வரை இந்த ஊர்த் தவறணைகளில் தலைமுறை தலைமுறையாக ஊதித் தள்ளிய சுருட்டுப் புகை பலகையில் ஏறியிருக்கிறது. தேநீர்ச் சாயத்துக்கும் வெல்லத்துக்கும் நடுவே ஒரு நிறம். அந்தப் பலகையெங்கும் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரு பெயரின் மேலே இன்னொரு பெயர், அதற்கும் மேலே ஒரு தேதி. நம் ஊரில் கோயில் தூணில் காதலர் பெயரைக் கீறுகிறவர்களைப் பார்த்து எரிச்சல்பட்டவன் நான். இங்கே எரிச்சல் வரவில்லை. ஏனென்றால் இந்த உரிமையைச் சும்மா கொடுப்பதில்லை.

கூரையை ஒட்டி இரண்டு உத்தரங்கள் ஓடுகின்றன. உத்தரத்துக்கும் கூரைக்கும் நடுவே ஓர் ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு நுழையக்கூடிய இடைவெளி. பெயர் வெட்ட ஆசைப்படுகிறவர் முதல் உத்தரத்தில் தொற்றி ஏறி, அந்த இடைவெளிக்குள் புகுந்து, மறு உத்தரத்துக்குத் தாவி, அதிலிருந்து தலை கீழே தொங்க ஒரு கிளாஸ் வெள்ளை வைனைக் குடித்து முடிக்க வேண்டும். தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் நடக்காது என்று நாம் சொல்லிக்கொண்டிருக்க, இவர்கள் தலைகீழாகக் குடித்தால்தான் நடக்கும் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் அலட்சியமாக ஏறுவார்கள். நடு வயதுக்காரர் ஒருவர் எழுந்து சட்டைக் கையை மடிக்கத் தொடங்கினால் அறை முழுக்க அமைதியாகும். அவர் மனைவி மட்டும் வேறு பக்கம் பார்ப்பார். என் இடுப்புக்கு அந்த உத்தரம் வழிவிடாது என்பது பார்த்தவுடனே தெரிந்ததால் நான் பார்வையாளர் வரிசையில் நிரந்தரமாகிவிட்டேன்.

இந்த இடத்தின் பெரிய வாடிக்கையாளர் கொட்ஃப்ரீட் கெல்லர். 1819இல் பிறந்த, சுவிஸ் ஜேர்மன் இலக்கியத்தின் தலையாய நாவலாசிரியர். அவர் சிறுவயதில் வளர்ந்த வீடு அதே சந்தில் 9ஆம் இலக்கம், அதாவது கூப்பிடு தூரம். 1861இல் அவரைச் சூரிச் மாநில அரசின் செயலாளராக நியமித்தார்கள். பதவியேற்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு, ஜேர்மன் சோசலிசத் தலைவர் ஃபெர்டினாண்ட் லசாலும் இருந்த விருந்தொன்றில் கெல்லர் சண்டைக்குப் போய்விட்டார். மறுநாள் காலை எழும்பவில்லை. அரசாங்க உறுப்பினர் ஒருவர் வீடு தேடிப் போய் அவரை எழுப்பிக் கூட்டிவர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு 1876 வரை அந்த வேலையை ஒழுங்காகச் செய்தார் என்பதுதான் கதையின் அழகு. குடிகாரக் கவிஞன் என்ற வசதியான சித்திரத்துக்குள் அவர் அடங்கமாட்டார். பகலில் கோப்பு, மாலையில் மூலை மேசை. தவறணையை அவர் பாவித்த விதம் ஓர் அரசு உத்தியோகத்தனின் விதம்; நேரம் தவறாமல் வருவது.

குடிப்பதைப் பற்றிச் சொல்லாமல் தவறணையைப் பற்றிப் பேசுவது பந்தியில் உட்கார்ந்து வாழையிலையை மட்டும் வர்ணிப்பது போல ஆகிவிடும். சூரிச் ஏரிக்கரைக்கே உரிய வெள்ளைத் திராட்சை ஒன்று உண்டு, ரொய்ஷ்லிங். ஒரு காலத்தில் கரையெல்லாம் அதுதான். பிறகு மற்ற இனங்கள் வந்து அதை ஓரங்கட்டின. இன்று கொஞ்சப் பேர் பிடிவாதமாகப் பயிரிடுகிறார்கள். மெலிந்த உடம்பு, எலுமிச்சைப் புளிப்பு. முதல் மிடறில் முகம் சுளிக்கும், பொரித்த ஏரி மீன் ஒரு வாய் போனபின் அதே புளிப்பு அருமையாகிவிடும். தனியாகக் குடிக்கிறவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை.

இங்கே வைனைக் கிளாஸ் கணக்கில் கேட்பதில்லை, டெசி கணக்கில் கேட்பார்கள். ஒரு டெசி என்றால் லீட்டரில் பத்தில் ஒன்று. கிளாஸிலும் குடுவையிலும் அளவுக்கோடு சட்டப்படி இருந்தாக வேண்டும். பரிமாறுகிற பெண்மணி குடுவையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, கோட்டைத் தொட்டதும் மணிக்கட்டை ஒரு திருகு திருகி நிறுத்துவதைப் பாருங்கள். ஒரு சொட்டு மேசையில் விழாது. கோட்டுக்கு மேலே மயிரிழை கூடுதலாக நின்றால் நீங்கள் அந்தக் கடைக்கு வேண்டியவராகிவிட்டீர்கள் என்று அர்த்தம். அதை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள்.

ஷ்பீகல்காஸ்ஸ சந்தின் 1ஆம் இலக்கத்தை வழிகாட்டிகள் விடமாட்டார்கள், ஆகவே சுருக்கமாக. ஒல்லாந்தில் கடலோடியாக இருந்து கரையேறிய யான் எஃப்ராயிம் அங்கே ஒரு தவறணை நடத்திவந்தார். பாட்டும் கவிதையும் வைத்தால் பியரும் சொசேஜும் கூடுதலாக விற்கும் என்று அவருக்கு ஆசை காட்டித்தான் ஹியூகோ பாலும் எமி ஹென்னிங்ஸும் 1916 பெப்ரவரி 5ஆம் தேதி கபரே வொல்டேரைத் தொடங்கினார்கள். டாடா என்ற கலை இயக்கம் பிறந்தது. சில மாதத்தில் கடை மூடிவிட்டது. அந்தப் பெப்ரவரியிலேயே அதே சந்தில் 14ஆம் இலக்கத்துக்குக் குடிவந்தார் லெனின். இன்று அந்த இடத்தில் வரலாறு நிறைய இருக்கிறது. தவறணை கொஞ்சம்தான் இருக்கிறது. 1911இல் திறந்த ஓடியோன் கஃபேயும் அப்படியே. லெனினும் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜொய்ஸும் உட்கார்ந்த அந்தப் பெரிய கூடத்தின் ஒரு பகுதி மருந்துக்கடைக்குப் போய்விட்டது. மிஞ்சியதில் பளிங்கும் பித்தளையும் மின்னுகின்றன.

குரோனன்ஹாலே வேறு ரகம். 1924இல் ஹுல்டா சூம்ஷ்டெக்கும் அவர் கணவரும் தொடங்கியது. பட்டு வியாபாரியான மகன் குஸ்டாவ் வாங்கிச் சேர்த்த மிரோ, ஷகால், பிராக் ஓவியங்கள் அசலாகவே சாப்பாட்டு மேசைகளுக்கு மேலே தொங்குகின்றன. சட்டினி தெறித்தால் என்ன ஆகும் என்று நம் ஆட்களுக்குத்தான் கவலை வரும். 1965இல் சேர்த்த மதுக்கூடத்தின் விளக்குகளைச் செய்தவர் டியேகோ ஜகோமெட்டி. அங்கே ஒரு வேளைச் சாப்பாடு கையைக் கடிக்கும், அதை மறைப்பதில் பயனில்லை. ஆனாலும் நான் ஓவியங்களுக்காக அங்கே போகச் சொல்லமாட்டேன். தள்ளுவண்டியில் இறைச்சியைக் கொண்டுவந்து உங்கள் கண்முன்னே அறுத்துத் தட்டில் வைக்கிறார்களே, அந்தக் கை வேலைக்காகப் போங்கள். ஜேம்ஸ் ஜொய்ஸ் 1941 ஜனவரியில், இறப்பதற்குச் சில நாள் முன்பு இங்கேதான் கடைசியாக வெளியில் சாப்பிட்டார். சுவிஸ் வெள்ளை வைன் மேல் அவருக்குத் தீராத காதல். அதன் நிறத்தை ஓர் அரசகுலப் பெண்மணியின் சிறுநீரோடு ஒப்பிட்டுச் சிரித்தபடியே அதைக் குடித்துத் தீர்த்தவர்.

இந்தத் தவறணைகளை இவ்வளவு ஒழுங்காக்கியதில் அவற்றின் எதிரிகளுக்கும் பங்குண்டு. 19ஆம் நூற்றாண்டில் மலிவான உருளைக்கிழங்குச் சாராயம் சுவிஸ் தொழிலாளர் குடும்பங்களை அழித்துக்கொண்டிருந்தது. 1887இல் மத்திய அரசே வடிசாராயத்தைத் தன் ஏகபோகத்துக்குள் எடுத்தது. 1894இல் சூரிச் பெண்கள் ஒன்றுகூடி, சுசானா ஓரெல்லியின் தலைமையில், மது இல்லாத உணவகங்களைத் திறந்தார்கள். நல்ல சூப், குறைந்த விலை, சுத்தமான மேசை. மருத்துவம் படிக்காத அந்த அம்மாளுக்கு 1919இல் சூரிச் பல்கலைக்கழகம் மருத்துவத்தில் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1898இல் மரக்கறியும் மதுவிலக்குமாகத் தொடங்கிய ஹில்டல் உணவகம் இன்றும் இருக்கிறது; 1950களில் அந்த வீட்டு மருமகள் இந்தியாவுக்குப் போய்வந்தபின் அங்கே மஞ்சளும் மல்லியும் ஏறின. பக்கத்தில் இப்படியொரு போட்டி இருந்தால் எந்தத் தவறணைக்காரரும் மேசையைத் தேய்த்துத்தானே ஆகவேண்டும்?

தேய்த்தவர்கள் யார் என்றும் சொல்ல வேண்டும். 1980களில் இலங்கையிலிருந்து தஞ்சம் கேட்டு வந்த தமிழருக்கு இந்த நாடு முதலில் திறந்த கதவு சமையலறைப் பின்கதவு. கோப்பை கழுவுவது, கிழங்கு உரிப்பது, பிறகு மெல்ல மெல்ல அடுப்படி. எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் இப்படிப் பல பழைய கடைகளின் பின்பக்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவர். மேசையில் கணுவைத் தடவிப் பார்க்கச் சொல்லித் தந்தவரும் அவர்தான். "தம்பி, முன்னுக்கு நிக்கிற படத்தைப் பாக்காதை. சவுக்காரம் போடாமல் வெறும் சுடுதண்ணியில தேய்ச்ச பலகையா எண்டு பார்" என்பார்.

இப்போது அவர் ஓய்வுபெற்றுவிட்டார். 4ஆம் வட்டாரத்தில், நம் பலசரக்குக் கடைகள் இருக்கும் பக்கம், பெயர்போகாத ஒரு தவறணையில் ஷ்டம்டிஷ் மேசையில் அவருக்கு நாற்காலி உண்டு. ஷ்டம்டிஷ் என்பது வழமையாக வருகிறவர்களின் மேசை. வெளியாள் அழைப்பில்லாமல் அதில் உட்காருவதில்லை. அங்கே நடப்பது யாஸ் சீட்டாட்டம். மேசையில் பச்சைக் கம்பளம் விரிப்பார்கள். பக்கத்தில் ஒரு சிலேட்டு. அதில் இஸட் வடிவத்தில் கோடுகள். மேல் கோட்டில் நூறுகள், சாய்ந்த கோட்டில் ஐம்பதுகள், கீழ்க் கோட்டில் இருபதுகள். வெண்கட்டியால் கீறிக் கீறி, முடிந்ததும் ஈரப் பஞ்சால் ஒரே துடைப்பு. சீட்டில் ஆட்டினும் டயமண்டும் கிடையாது. மணி, கேடயம், ரோசா, ஓக் மரக்காய்.

யாழ்ப்பாணத்தில் 304 ஆடி வளர்ந்தவனுக்கு இந்த ஆட்டத்தைப் பார்த்தவுடன் உடம்பு சிலிர்க்கும். துருப்பில் ஜாக்கிதான் ராசா, அடுத்தது ஒன்பது, பிறகுதான் ஏஸ். மற்றச் சீட்டாட்டக்காரர் பலருக்கும் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும் இந்த வரிசை இரண்டு ஆட்டத்துக்கும் பொது. நம் ஆட்டத்தில் ஒரு ரகத்துக்கு 76 புள்ளி, நான்கு ரகத்துக்கு 304. அவர்கள் ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு 157. யாஸ் ஒல்லாந்தில் பிறந்தது. அங்கே படைவேலை செய்த சுவிஸ் கூலிவீரர்கள் 18ஆம் நூற்றாண்டில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1796இல் ஷாஃப்ஹவுசன் பக்கத்து ஆவணமொன்றில்தான் இந்த நாட்டில் முதன்முதலாக அதன் பெயர் அகப்படுகிறது. 304உம் அதே குடும்பம், கப்பலேறி வந்த ஒல்லாந்தர் வழியாக நம் பக்கம் வந்திருக்கலாம் என்று சீட்டாட்ட ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த ஒல்லாந்தர்தான் 1658 தொடக்கம் யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள்.

முக்கியமான வித்தியாசம் ஒன்று. 304இல் எந்த ரகத்திலும் ஜாக்கிதான் பெரிது. யாஸில் துருப்பு ரகத்தில் மட்டும்தான் அந்த மரியாதை. மற்ற ரகங்களில் அது ஏஸுக்கும் ராசாவுக்கும் ராணி இடத்துச் சீட்டுக்கும் கீழே, வெறும் இரண்டு புள்ளி. முதன்முதல் அந்த மேசைக்கு அழைக்கப்பட்ட நாளில் அண்ணை ரோசா ஜாக்கியை ஓங்கி அடித்திருக்கிறார். துருப்பு மணி. எதிரே இருந்த கிழவர் ஏஸைப் போட்டுப் பிடியை வழித்தெடுத்துக்கொண்டு போனார். தன் கூட்டாளி என்ன சொன்னார் என்று அண்ணை எனக்கு இன்றுவரை மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. அடுத்த சுற்றுக் காசு அண்ணையின் தலையில் விழுந்தது என்று மட்டும் தெரியும்.