பித்தளை ஃபில்டரும் ஒரு மைக்கூடும்

எங்கள் ஊர் திருநீர்மலைக்கு வெளியூர்க்காரர்கள் இரண்டு காரியத்துக்காக வருவார்கள். ஒன்று பெருமாள், நின்று, அமர்ந்து, பள்ளிகொண்டு, நடந்து என்று நான்கு கோலத்தில் இருக்கிறவர். இன்னொன்று கல்யாணம். முகூர்த்த நாளில் அடிவாரத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. அக்கா கல்யாணமும் இங்கேதான் நடந்தது. அன்றைக்கு நான் அவளுக்குக் கொடுத்த பரிசைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இலக்கிய விமர்சனம் என்று சொல்லிக்கொண்டு குடும்பக் கதை பேசுகிறானே என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கொடுத்தது அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’, 1988-இல் வந்த தொகுப்பு. வெறும் புத்தகமாகக் கொடுத்தால் கஞ்சத்தனமாகத் தெரியுமே என்று கூடவே ஒரு பித்தளை காபி ஃபில்டர். அக்கா காபிப் பிரியை. ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் அம்பை என்று அவளைக் கற்பனை செய்து பார்த்தேன். இரண்டையும் ஒரே காகிதத்தில் சுற்றி, ரிப்பன் கட்டி, என் ரசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஃபில்டர் மறுநாளே வேலைக்குப் போய்விட்டது. காலையில் ஐந்து பேருக்கு, சாயங்காலம் ஐந்து பேருக்கு. புத்தகம் பரணில். ஒன்றரை வருஷம் கழித்து, ஏழாம் மாதம் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தபோதுதான் அதைப் படித்தாள். படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“ஏன்டா, உள்ள ஒருத்தி சமையல்கட்டே உலகம்னு இருக்காதன்னு சொல்றா. நீ கூடவே ஃபில்டர் குடுத்திருக்க. நான் யார் பேச்சைடா கேக்கறது?”

அந்தத் தலைப்புக் கதையைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு சரியாக இருந்ததில்லை. கதையில் ராஜஸ்தானத்துப் பெரிய வீடு ஒன்று. அதன் மூலையில் இருட்டான சமையலறை. வெளியே மலைகள். மருமகளாக வந்த மீனாட்சி அந்த இடத்தைக் கொஞ்சம் விரிக்கலாமே, மலை தெரியட்டுமே என்கிறாள். பதிலாகத் துணி காயப்போடக் கொடி கட்டுகிறார்கள். சண்டை கிடையாது, கூச்சல் கிடையாது. ஈரத்துணியை வைத்தே மலையை மறைத்துவிடுகிறார்கள். அக்கா கேட்ட கேள்விக்குப் பிறகு யோசித்தால், நான் கொடுத்த ஃபில்டரும் அந்தக் கொடியில் தொங்கிய ஒரு துணிதான்.

இப்போது மகளிர் தினத்துக்கு மகளிர் தினம் பரிசுப் பெட்டிகள் வருகின்றன. என்னோடு வேலை பார்க்கும் பெண்கள் எல்லாருக்கும் ஒரு வருஷம் கொடுத்தார்கள். சாதித்த பெண்களைப் பற்றிய புத்தகம் ஒன்று, வாசனை மெழுகுவர்த்தி, ‘ராணி’ என்று எழுதிய குவளை, முகத்துக்குப் போடும் ஏதோ பூச்சு. புத்தகத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு சாக்லேட்டை வைத்தாலும் பெட்டியின் அர்த்தம் மாறாது. ‘ஊக்கமூட்டும்’ என்ற சொல்லின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான். அந்த வகைப் புத்தகம் வாசிக்கிறவளிடம் மட்டுமே பேசும்: நீ எழுந்திரு, நீ துணி, நீ ஜெயி. அவள் எழுந்தால் அடுப்பை யார் பார்ப்பது என்று வீட்டில் மற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காது. மீனாட்சியின் கதையை ஊக்கமூட்டும் கதை என்று அட்டையில் போட்டு விற்கவே முடியாது. அதனால்தான் அது நிற்கிறது.

புத்தகத்தோடு என்ன கொடுக்கலாம் என்ற கேள்விக்கு நேரடியாக விலை சொன்னவர் வர்ஜீனியா வுல்ஃப். 1929-இல் வந்த ‘தனக்கென்று ஓர் அறை’ நூலில் அவர் கேட்பது ஆண்டுக்கு 500 பவுண்டு, பூட்டு வைத்த ஓர் அறை. அவ்வளவுதான். அதில் கதை சொல்கிறவளுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பம்பாயில் காற்று வாங்கக் குதிரையில் போன அத்தை ஒருத்தி விழுந்து செத்து, எழுதிவைத்துவிட்டுப் போன சொத்து. லண்டனில் ஒருத்தி நிம்மதியாக எழுத, காலனியில் குதிரையேறிய அத்தை தேவைப்பட்டிருக்கிறாள். நம் வீட்டு அத்தைகள் நகையைத்தான் எழுதிவைப்பார்கள். அதுவும் சண்டையில் முடியும்.

வுல்ஃபுக்கு முன்பே வங்காளத்தில் ராசசுந்தரி தேவி இருந்தார். 19-ஆம் நூற்றாண்டு. பெண் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பிய காலம். கணவரின் ‘சைதன்ய பாகவத’த்திலிருந்து ஓர் ஏட்டை எடுத்து, மகன் எழுதிப் பழகிய பனையோலையோடு ஒப்பிட்டு, சமையலறையில் ஒளித்துவைத்து, யாருக்கும் தெரியாமல் எழுத்துக் கூட்டினார். பிற்பாடு ‘அமார் ஜீபன்’ என்று தன் வாழ்க்கையை எழுதினார். படிக்கத் தெரிந்த பிறகும் நெடுநாள் அவருக்கு எழுதத் தெரியாது. ஊரை விட்டுப் போகும் மகன் ஒருவன் காகிதம், பேனா, மை எல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் கடிதத்துக்கு நீ பதில் போட வேண்டும் என்கிறான்.

புத்தகத்தோடு சேர்த்துக் கொடுக்க இதைவிடப் பொருத்தமான பரிசு எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதிலும் ஒரு முள் உண்டு. மகன் மையைக் கொடுத்தது அம்மா தனக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பதற்காக. அவள் தன்னைப் பற்றி எழுதிக்கொண்டது அவன் கேட்காதது. கொடுத்தவன் நினைத்ததைத் தாண்டிப் போன பரிசு அது.

தமிழில் வை.மு. கோதைநாயகியைச் சொல்லலாம். 1901-இல் பிறந்தவர், ஐந்து வயதில் கல்யாணம். முதல் நாடகமான ‘இந்திர மோகனா’வை அவர் வாயால் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தவர் தோழி பட்டம்மாள். அப்போது கோதைநாயகிக்குச் சரளமாக எழுத வராது. 1925-இலிருந்து ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி, நூற்றுக்கும் மேல் நாவல்கள் எழுதியவருக்குக் கிடைத்த முதல் பரிசு இன்னொரு பெண்ணின் கையும் அவள் ஒதுக்கிய பொழுதும். சல்மாவுக்கு அம்மா. துவரங்குறிச்சி வீட்டில் மறைந்து மறைந்து எழுதிய கவிதைகள் அம்மா வழியாகத்தான் வெளியே போயின. இதையெல்லாம் எந்தப் பெட்டியில் போட்டு ரிப்பன் கட்டுவது?

போன வருஷம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், துருப்பிடித்த மிக்ஸிகளுக்கும் செடித்தொட்டிகளுக்கும் நடுவே, திரு.வி.க.வின் ‘பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத் துணை’ பழைய பிரதி ஒன்று கிடைத்தது. 1927-இல் முதலில் வந்த நூல். கல்யாணப் பரிசாகத் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது. பெண்ணை உயர்த்திப் பேசுகிறது, அந்தக் காலத்துக்குப் பெரிய காரியம்தான். ஆனால் உயர்த்தி வைக்கிற இடம் பூஜை மாடத்துக்கு ரொம்பப் பக்கம். தாய்மை, தியாகம் என்று அடுக்கும்போது எனக்கு மூச்சு முட்டியது.

என் பிரதியின் முதல் பக்கத்தில் மணமக்களை வாழ்த்தி யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். உள்ளே ஒரு அடிக்கோடு கிடையாது, பக்க மடிப்பு கிடையாது. கடைசியில் இருந்த வெற்றுத்தாளில் மட்டும் வேறொரு கையெழுத்து. பென்சிலில் பால் கணக்கு, சலவைக் கணக்கு, அரிசி, து. பருப்பு. ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டு அடித்துத் திருத்தியிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு அந்தப் புத்தகத்தில் உபயோகப்பட்டது அச்சடிக்காத பக்கம். நல்லெண்ணம் நிறைந்த 300 சொச்சம் பக்கங்களை விட்டுவிட்டு நான் அந்த ஒரு தாளையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

அக்கா இப்போது குரோம்பேட்டையில் இருக்கிறாள். பிள்ளைக்கு இரண்டு வயது. அவளுடைய போன பிறந்தநாளுக்கு முன்னால், என்ன புத்தகம் வேணும் என்று கேட்டேன்.

“புக்கு இருக்குடா. ஞாயித்துக்கிழமை பத்துலேர்ந்து ஒரு மணி வரைக்கும் இவனத் தூக்கிட்டுப் போ. அப்புறம் போன் பண்ணி, பால் குடிச்சானா, தொப்பி எங்கன்னு என்னைக் கேக்காத.”

மூன்று மணி நேரம். கேட்கும்போது சின்னதாகத்தான் இருந்தது. முதல் ஞாயிறு அவனை மலைப் படியில் தூக்கிக்கொண்டு ஏறினேன். மேலேயிருந்து மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைக் காட்டினேன். நான்காவது விமானத்தில் அழ ஆரம்பித்தான். மாற்றுத்துணி கொண்டுபோக மறந்திருந்தேன். போன் பண்ணவில்லை.

ஒரு மணிக்குத் திரும்பினால் அக்கா நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு கதவைத் திறந்தாள். மேஜையில் புத்தகம் நான் பார்த்தபோது இருந்த பக்கத்திலேயே கவிழ்ந்திருந்தது. எவ்வளவு படிச்ச என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. ராசசுந்தரியின் மகன் ஞாபகம் வந்து, சாப்பிட என்ன இருக்கு என்று மாற்றிக் கேட்டேன். அதற்கும் முறைத்தாள்.