கேட்க வருவாரா எழுத்தாளர்?

குழந்தைகளுக்கென எழுதுவோர் பள்ளிகளுக்கு வந்து மாணவரோடு உரையாடுவது நல்ல வழக்கம். மாரண்டஹள்ளி போன்ற ஊர்களின் பள்ளிகளிலும் அது வேரூன்ற வேண்டும் என விழைகிறோம். ஆனால், அவ்வருகை எம்முறையில் நிகழ்கிறது என்பதை ஆராயாது கைதட்டிவிட இயலுமா?

பலவிடங்களில் நாம் காண்பது என்ன? வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை. இத்தனையும் முடிந்தபின் எழுத்தாளர் எழுகிறார். "நன்றாகப் படியுங்கள், பெரியோர் சொல் கேளுங்கள்" என்று அறிவுரை பொழிகிறார். அவருடைய நூலை ஒரு பிள்ளையும் படித்ததில்லை. ஏன், பார்த்தது கூட இல்லை! "கேள்வி உண்டா?" என்று வினவும்போது மணி அடித்துவிடுகிறது.

மேடைப்பேச்சு இந்நாட்டைத் தட்டியெழுப்பிய கருவி. அதன் பெருமையைக் குறைத்துரைக்க நாம் வரவில்லை. ஆயினும், முதியோருக்கான மேடையை அப்படியே பெயர்த்து வந்து சிறுவர்முன் நாட்டுவது பொருந்துமா?

நல்ல எழுத்துக்குத் தமிழில் பஞ்சமில்லை. 1950-இல் அழ. வள்ளியப்பா குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்டார். 1958-இல் பாவேந்தரின் 'இளைஞர் இலக்கியம்' வெளிவந்தது. நம் காலத்தில் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய விருதைப் பெற்றது. தகாத தீண்டலுக்கு ஆளான சிறுமி அதனை மறைக்காது வெளியே சொல்ல மரப்பாச்சிப் பொம்மை துணைநிற்கும் கதை அது. பெரியோர் செய்வதெல்லாம் சரியென அடங்கிக் கிடக்கப் பழக்கும் பழங்கதைகளுக்கு நேர் எதிரானது. இத்தகைய நூலைப் பற்றிப் பேசும் அவையிலும் பிள்ளைகள் வாய்பொத்தி அமர்ந்திருக்க வேண்டுமென்றால், நூல் எழுதியதை விழா அழித்துவிடுகிறது அன்றோ?

இத்தாலியில் ஜான்னி ரொதாரி என்பார் ஆசிரியராயிருந்து எழுத்தாளரானவர்; 1970-இல் ஆண்டர்சன் விருது பெற்றவர். 1971-இல் வந்த அவருடைய நூலொன்றில் ஒவ்வொரு கதைக்கும் மூன்று முடிவுகள் உண்டு. எதை ஏற்பதென்பது படிக்கும் பிள்ளையின் உரிமை! எழுத்தாளன் சிறுவர்க்கு அளிக்கும் மதிப்பு அதுவே.

அம்மதிப்பு மாரண்டஹள்ளிப் பிள்ளைக்கு எவ்வளவு தேவை! தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீடுகளில் ஒலிக்கும் எல்லைப்புறம் இது. வீட்டு மொழிக்கும் ஏட்டு மொழிக்கும் இடையே தயங்கி நிற்கும் பிள்ளைகள் இங்கு உளர். பெண் மகவைப் பிறந்தவுடன் அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை, 2001-இல் தருமபுரி மாவட்டத்துக்கும் நீட்டிக்க நேர்ந்தது. இம்மண்ணில் ஒரு சிறுமி எழுந்து, "உங்கள் கதையில் அந்தப் பெண் ஏன் அழுதுகொண்டே இருக்கிறாள்?" என்று கேட்பாளாயின், அது வெறுங்கேள்வியா? விடுதலையின் முதற்சொல்!

ஆகவே நாம் வேண்டுவன சில. ஒரு திங்களுக்கு முன்பே நூல் வகுப்புக்கு வரட்டும்; அதனைப் பிள்ளைகள் உரக்கப் படிக்கட்டும். அவர்கள் தரையில் அமர்ந்தால் எழுத்தாளரும் தரையில் அமரட்டும். முதலில் பேசுவோர் மாணவராகட்டும். பிழைபடப் பேசினும் குறுக்கிடாதிருப்போம். "சும்மா இரு" என்னும் அதட்டலை ஆசிரியராகிய நாம் அன்றேனும் கைவிடுவோம்.

தகடூர் ஆண்ட அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி ஈந்தான். அம்மண்ணுக்கு இன்று வரும் எழுத்தாளர் நம் பிள்ளைகளுக்குத் தம் செவியை ஈயட்டும்!