இரட்சணிய யாத்திரிகம்: தன்னிகரற்ற தலைவனும் தன்வலியற்ற பயணியும்

எச்.ஏ. கிருஷ்ணப்பிள்ளையின் (1827-1900) இரட்சணிய யாத்திரிகம் 1894ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உரைநடைக் கதையைத் தழுவி, ஐந்து பருவங்கள் கொண்ட காப்பியமாக இஃது அமைந்தது. இந்நூல் பற்றிய ஆய்வுகளுட் பல, ஆசிரியருக்கு வழங்கும் 'கிறித்தவக் கம்பர்' என்னும் பெயரை மெய்ப்பிப்பதோடு நின்றுவிடுகின்றன. கம்பனின் சொல்லும் சந்தமும் பயிலும் இடங்களைத் தொகுப்பது பயனற்றதன்று. ஆயினும் காப்பிய வடிவத்தை ஏற்றதனால் இப்புலவருக்கு நேர்ந்த இடர்ப்பாடு யாது என்னும் வினா அத்தொகுப்புகளில் எழுவதேயில்லை.

பெருங்காப்பியத்திற்குத் தன்னிகரற்ற தலைவன் வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுக்கும் நெறி. பனியனின் பயணியோ எதனையும் தன் வலியால் முடிக்காதவன். சிலுவையின் முன் அவன் முதுகுச்சுமை தானாகவே கழன்று விழுகிறது. அவன் அதனை இறக்கிவைக்கவில்லை. அப்பொல்லியோனுடன் பொருங்கால் வாள் கைந்நழுவுகிறது. வென்றபின் தன்னைக் காத்தவனுக்கே நன்றி கூறுகிறான். ஐயக்கோட்டையில் அடைபட்டு நாள்கள் கழிந்த பின்னரே, வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்ததை உணர்கிறான். இத்தகையவனைக் காப்பியத் தலைவனாக்குவது எங்ஙனம்?

குமார பருவத்து இரட்சணிய சரிதப் படலம் இதற்கு விடையாகிறது. மூலக்கதை விரித்துரைக்காத இயேசுவின் பாடுகளைக் கிருஷ்ணப்பிள்ளை அங்கு விரிவாகப் பாடுகிறார். இதனைச் சமயப்பற்றால் நேர்ந்த இடைச்செருகல் எனக் கொள்வது பொருந்தாது. தன்னிகரற்ற தலைவன் என்னும் இடம் இயேசுவுக்கு உரியதாகிவிடவே, பயணி தன் எளிமை குன்றாமல் நடக்க இடம் கிடைக்கிறது. காப்பிய இலக்கணம் மீறப்படவில்லை. தலைமை இடம் மாறியது, அவ்வளவே.

கிருஷ்ணப்பிள்ளை வைணவக் குடும்பத்திற் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். ஆதலின் அவர் பாடும் இறைச்சார்பைச் சரணாகதியின் தொடர்ச்சியாக விளக்குவது எளிது. அவ்விளக்கம் பாதி உண்மையே. சரணாகதிக்குத் தென்கலையார் தாய் கவ்விச்செல்லும் பூனைக்குட்டியையும், வடகலையார் தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியையும் உவமை கூறுவர். இரண்டும் காப்பாற்றப்படும் முறையைக் காட்டுகின்றன. குட்டி வளர்வதைக் காட்ட எழுந்தவை அல்ல. யாத்திரை என்னும் உருவகமோ வளர்ச்சி இன்றி நிற்காது. சுமை விழுந்த பின்னரும் பயணி மலையேறுகிறான், வழியில் உறங்குகிறான், ஓலைச்சுருளை இழந்து தேடித் திரும்புகிறான். சீர்திருத்தத் திருச்சபையார் நீதிமானாக்கப்படுதலையும் பரிசுத்தமாக்கப்படுதலையும் வேறுபடுத்துவது இதனாலேயே. முன்னது ஒருமுறை நிகழ்வது. பின்னது வாழ்நாள் முழுதும் தொடர்வது.

இவ்விரண்டும் ஒன்றாகப் பொருந்தும் காட்சி மூலக்கதையில் உண்டு. பொருள் விளக்குவோன் இல்லத்தில் சுவரருகே தீ எரிகிறது. ஒருவன் நீரூற்றி அவிக்க முயல்கிறான். தீ மேலும் ஓங்குகிறது. சுவரின் மறுபுறம் சென்று நோக்கினால் கிறிஸ்து மறைவாக எண்ணெய் வார்த்துக்கொண்டிருக்கிறார். வளர்வது தீ, வளர்ப்பது தீயன்று. சார்பு மிகுவதே வளர்ச்சி என்னும் கருத்தைச் சித்தாந்தச் சொல் ஒன்றுமின்றி இக்காட்சி உணர்த்திவிடுகிறது.

காப்பியத்தினிடையே அமைந்த தேவாரப் பாடல்களை இந்நோக்கிற் காணவேண்டும். கதை வளர்ச்சியைக் கூறும். முன்னும் பின்னும் அதற்கு உண்டு. பதிகமோ ஒரே வேண்டுதலைப் பாட்டுக்குப் பாட்டு மீட்டும் கூறுவது. கதை முன்னேறுகையில் பயணி தேறியவனாகத் தோன்றுகிறான். பாடல் வந்ததும் மீண்டும் ஏதுமற்றவனாக நிற்கிறான். இதனைக் கதையோட்டத்திற்குத் தடை எனக் குறைகூறுவதற்கு இடமுண்டு. எனினும் போர், நாடு, நகர் பற்றிய வருணனைகள் பலவும் மரபுக்குக் கொடுத்த வரியாகவே படுகின்றன. புலவரின் சொந்தக் குரல் கேட்பது இத்தேவாரங்களில்தான். கம்பனின் சாயலை மட்டும் தேடிச் செல்லும் ஆய்வாளர் விரைந்து கடந்துவிடும் பக்கங்களும் இவையே.