'பார்த்திபன் கனவு': விலை கொடுக்காத காதல்

பகைவர் வீட்டுப் பிள்ளைகள் காதலித்தால் யாரேனும் விலை கொடுத்தாக வேண்டும். போர்க்காலக் காதல் படத்தை அந்த விலையை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. 1960-இல் டி. யோகானந்த் இயக்கத்தில் வந்த 'பார்த்திபன் கனவு' அப்படி எடைபோட வேண்டிய படம். போரில் மாண்ட சோழன் பார்த்திபனின் மகன் விக்கிரமனாக ஜெமினி கணேசன். வென்ற நரசிம்மவர்மப் பல்லவனின் மகள் குந்தவியாக வைஜயந்திமாலா.

காதலின் தொடக்கம் அருமையானது. சங்கிலியில் பிணைத்து இழுத்துச் செல்லப்படும் கைதியாகத்தான் விக்கிரமனைக் குந்தவி முதலில் பார்க்கிறாள். திரும்பி வந்தால் மரணம் என்று நாடுகடத்தப்பட்டவன், ரத்தின வியாபாரியாக வேடமிட்டு வருகிறான். காய்ச்சலில் விழுந்தவனை அவளே காப்பாற்றுகிறாள். தகப்பன் விதித்த தண்டனைக்கும் தன் மனத்துக்கும் நடுவே அவள் நிற்கும் இந்தப் பகுதியில் வைஜயந்திமாலா படத்தையே தூக்கி நிறுத்துகிறார்.

ஆனால் அவள் எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. விக்கிரமனை மறைவில் வளர்த்துவிட்ட சிவனடியார் வேறு யாருமல்ல, அந்த நரசிம்மவர்மனே. பகைவனே பாதுகாவலன் என்றால் பகை எங்கே? படத்தின் மூல நாவலைக் கல்கி 1941 முதல் 1943 வரை தொடராக எழுதியபோது இந்த மர்மத்தை எழுத்துக்குள் ஒளித்துவைக்க முடிந்தது. திரையில் நரசிம்மவர்மனாக நடித்த எஸ்.வி. ரங்காராவின் உடலும் குரலும் எந்தத் தாடிக்குள் மறையும்? முடிச்சு அவிழும் முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது, பயம் போய்விடுகிறது.

மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் இருந்துகொண்டு, பகைவனே பாதுகாவலன் என்பதை எளிதில் ஏற்க முடியவில்லை. இங்கிருந்து வடக்கே சுங்கை சிப்புட்டில் 1948 ஜூனில் மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான மலாயா அவசரகாலம் பிறந்தது. அது முடிந்தது 1960 ஜூலை 31-இல், இந்தப் படம் வந்த அதே ஆண்டில். காட்டுக்குள் ஒருவன், காவல்துறையில் ஒருவன், முள்வேலிக்குள் ஒரு குடும்பம் என்று வாழ்ந்த மண் இது. எதிர்ப்பக்கத்து அதிகாரி நள்ளிரவில் சிவனடியாராக வந்து அருள்புரியவில்லை.

ஈப்போவிலும் பினாங்கிலும் சில பகுதிகள் படமாக்கப்பட்ட ஆங் லீயின் 'லஸ்ட், காஷன்' (2007) நினைவுக்கு வருகிறது. கொல்ல வேண்டியவனை ஒரு கணம் நேசித்து எச்சரிக்கிறாள் அதன் நாயகி. அவன் தப்புகிறான்; அவளும் தோழர்களும் சாகிறார்கள். நெஞ்சைப் பிழிகிற படம், ஆனால் நேர்மையான கணக்கு.

கல்கியின் நோக்கம் தமிழரசர்களின் இணக்கம், துயரமல்ல என்று வாதிடலாம். நியாயம்தான். அப்படிப் பார்த்தால் படத்தின் உண்மையான நாயகன் ரங்காராவ். தான் தோற்கடித்த பகைவனின் கனவைச் சுமக்கும் மன்னனின் மனப்போராட்டம் இருக்கிறதே, அதுதான் இதில் உயிருள்ள நாடகம். இழப்பு அவருக்கு இருக்கிறது, காதலர்களுக்கு இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. அதைக் கடல் கடந்து வாழும் நாம்தான் சொல்ல வேண்டும். நாடுகடத்தப்பட்ட விக்கிரமனை அரசனாக ஏற்றுக்கொண்டது செண்பகத் தீவு. தாய்நாட்டு ஏக்கம் வந்ததும் அவன் புறப்பட்டுவிடுகிறான். அவனை நம்பிய அந்த மக்களின் கதியைப் பற்றிக் கதைக்குக் கவலையே இல்லை. அவர்களுக்கு அது வீடு. படத்துக்கோ அது வெறும் காத்திருப்பு அறை.

ஆகவே என் தீர்ப்பு: ஒரு மன்னனின் மனச்சாட்சியைச் சொல்லும் படமாக 'பார்த்திபன் கனவு' உயர்ந்தது. போர் பிரித்த காதலின் படமாக அது தேறவில்லை.