பேய்ப்பசி

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை கேன்டீன், இரவு ஷிஃப்ட், மணி இரண்டு. வரிசையில் நின்ற பையன் பின்னால் நின்றவனிடம், "பேய்ப்பசிடா மச்சான்" என்றான். பேய் உலவும் நேரம்தான். ஆனால் அந்தச் சொல்லில் பயம் துளிகூட இல்லை. 'பே' என்று வாய் திறந்து, 'ப்ப' என்று உதடு அழுந்தி மூடும்போது, வயிறே பேசியது போல இருந்தது.

ஆங்கிலத்தில் பேச்சுவழக்கில் பேயை 'ஸ்பூக்' என்பார்கள். டச்சிலிருந்து வந்த சொல். உளவாளிக்கும் அதுவே பெயர், குதிரை மிரண்டாலும் அதே சொல். அமெரிக்காவில் கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லவும் அதைப் பயன்படுத்தினார்கள். மறைந்திருப்பதும் திடுக்கிடுவதுமே அதன் உலகம்.

நம் பேயோ அளவு கடந்ததற்கெல்லாம் முன்னால் வந்து நிற்கும். 2015 டிசம்பரில் இந்தப் பக்கத்து ஆலைகளை மூடவைத்ததை 'கனமழை' என்றால் அது வானிலை அறிக்கை. 'பேய்மழை' என்றால் நனைந்தவன் சொல். செடிகொடிக்கு முன்னால் வந்தால் பொருளே வேறு: பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்க்கரும்பு. பார்வைக்கு அசல், வாயில் வைத்தால் கசப்பு. அந்தக் கசப்புக் கரும்புதான் திருவொற்றியூரில் பட்டினத்தாருக்கு இனித்ததாம்.

எனக்கு உயிர், பேய்த்தேர். கானலுக்கு நம் பழம்புலவர்கள் வழங்கிய பெயர். சித்திரை வெயிலில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரம் நின்று பாருங்கள். தூரத்தில் தார்மேல் தண்ணீர் பளபளக்கும். கன்டெய்னர் லாரி சக்கரமில்லாமல் மிதந்து வரும். கிட்ட வர வரத்தான் தண்ணீர் வற்றிச் சக்கரம் முளைக்கும். அந்த அசைவைத் தேர் என்று கண்டுகொண்ட கண் எப்பேர்ப்பட்ட கண்!

பேயின் கூட்டாளியான பூதமோ பக்கத்திலிருக்கும் ஸ்ரீபெரும்புதூரின் பழம்பெயரிலேயே இருக்கிறது: பூதபுரி. சிவன் ஆடியபோது சிரித்துச் சாபம் பெற்ற பூதகணங்கள் இங்கே தவமிருந்து, ஆதிகேசவப் பெருமாளால் மீண்டு, அவருக்குக் கோயிலும் எழுப்பின என்கிறது தலபுராணம். 1017இல் ராமானுஜர் பிறந்ததும் இந்த ஊரில்தான். அவர் தலைமேல் வைத்துக் கொண்டாடிய ஆழ்வார்களில் ஒருவருக்குப் பெயரே பேயாழ்வார். பக்தி தலைக்கேறியவருக்கு அது பட்டம். காரைக்கால் அம்மையாரும் தம் பாட்டில் தம்மைப் பேய் என்றே சொல்லிக்கொண்டார்.

பையன் இரண்டாம் முறை தட்டோடு வந்தான். பரிமாறும் அக்கா கேட்காமலே கரண்டி நிறையச் சோற்றை அள்ளி வைத்து, "பேய் மாதிரி முழுங்காதே, மெதுவா சாப்பிடு கண்ணு" என்றார்.