வலிய கப்பித்தானும் என் பெரியப்பாவும்

காரோடு என்றால் இன்று பலருக்கும் கழக்கூட்டத்திலிருந்து வரும் நான்குவழிச் சாலைதான் நினைவுக்கு வரும். எங்களுக்கு அது எல்லைக் கிராமம். பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை, அதற்கப்பால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா இந்தப் பக்கமே நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்த ஒன்று. 'நீங்க எந்தப் பக்கம்டே?' என்ற கேள்வியை இரு பக்கத்தாரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே பக்கம் மாறியவன், ஓடிப்போனவன் என்ற சொற்கள் என் காதில் சற்று உறைப்பாகவே விழும். இக்கட்டுரை எழுத அதுவே காரணம்.

குளச்சல் போரின் கதை நம்மவர்க்கெல்லாம் தெரிந்ததுதான். 1741 ஆகஸ்டில் மார்த்தாண்டவர்மாவின் சேனையிடம் டச்சுக் கும்பினிப் படை குளச்சலில் பணிந்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். உதயகிரிக் கோட்டையில் வைக்கப்பட்டார். பிறகு மன்னரிடமே வேலைக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி தந்து, 'வலிய கப்பித்தான்' ஆனார். 1777இல் இறந்து உதயகிரியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இந்தக் கதையை நாம் சொல்லும் விதத்தைப் பற்றியே எனக்குப் புகார். நான் பார்த்த பள்ளி ஆண்டுவிழா நாடகங்களிலெல்லாம் முதற் காட்சியில் வெள்ளைக்காரன் மண்டியிட்டு வாளை நீட்டுவான். (பத்மநாபபுரம் அரண்மனையில் உள்ள ஓவியத்தைப் பார்த்து அமைத்த காட்சி அது.) திரை விழும். அடுத்த காட்சியில் அவனே திருவிதாங்கூர் உடுப்பில் நின்று நம் வீரர்களுக்கு 'லெப்ட் ரைட்' சொல்லுவான். சபையில் கைதட்டல். திரை விழுந்து எழும்பும் அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு மனிதன் தன் பழைய எஜமானை விட்டு எதிரியின் சம்பளத்துக்கு வந்திருக்கிறான். அதைப் பற்றி ஒரு வரி வசனம்கூட எந்த நாடகத்திலும் நான் கேட்டதில்லை. மலர்களில் வரும் கட்டுரைகளும் அப்படியே. ஒன்று, மன்னரின் பெருந்தன்மை என்று எழுதுவார்கள். அல்லது டிலனாயின் நன்றியுணர்ச்சி என்று எழுதுவார்கள். கைதிக்கும் ஒரு புத்தி இருந்தது, அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான் என்பது யாருக்கும் ருசிக்கவில்லை.

கும்பினியின் ஏட்டிலிருந்து பார்த்தால் இதற்குப் பெயர் என்ன? எதிரியின் கொடியின்கீழ் சேவகம் செய்யும் சிப்பாய், ஓடிப்போனவன். அவ்வளவுதான். அதை நாம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அப்புறம் அவர் பக்கத்து நியாயத்தையும் கேட்டால் கதை கெட்டுப்போகாது, கனம் கூடும். அவர் பிறந்தது பிரான்சின் ஆராஸ் நகரில், கத்தோலிக்கக் குடும்பத்தில். வேலைபார்த்ததோ புராட்டஸ்டண்டு டச்சுக்காரர்களின் வியாபாரக் கும்பினிக்கு. அந்நாளில் கும்பினிச் சிப்பாய்களில் பெரும்பகுதியினர் டச்சுக்காரரே அல்லர். வேலையில்லாமல் துறைமுகத்துக்கு வந்து பேர் கொடுத்த ஜெர்மானியர்களும் மற்றவர்களும்தான். மிளகு வாங்கி விற்கும் ஒரு கடைக்கு அவர்கள் கைநாட்டு வைத்தார்கள். அந்தக் கடைக்காக ஆயுள் முழுக்கக் கோட்டைக்குள் கிடந்து மக்கிப்போவதுதான் விசுவாசமா? நம்மூர் ராஜாக்களின் படைகளிலும் பிரெஞ்சு, ஆங்கிலேயக் கும்பினிகளை விட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். அது அந்தக் காலத்தின் உத்தியோகச் சந்தை.

அதே காலத்தில், அதே அரண்மனை வட்டாரத்தில் இன்னொருவர் பக்கம் மாறினார். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை. டிலனாயின் பேச்சால் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர்மேல் ராஜத்துரோகமும் சாட்டப்பட்டது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022இல் ரோமாபுரி அவரைப் புனிதர் என்று அறிவித்தது. டிலனாய் பயிற்றுவித்த சேனையின் அரசுதான் டிலனாயின் நண்பரைக் கொன்றது. டிலனாய் அதன்பின்னும் கால் நூற்றாண்டு அதே அரசில் சேவகம் பார்த்தார். அந்த இரவுகளில் அவர் என்ன நினைத்திருப்பார்? நாடகம் எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய காட்சி வேண்டுமா! ஒருவரைப் பற்றிய மலரில் மற்றவர் நாலு வரியில் வந்து போகிறார்.

கைதிகளைத் திருப்பிக் கேட்கும் விவகாரம் நம் பக்கத்தில் பிற்பாடு பெரிதாக வெடித்தது. 1784இல் மங்களூர் உடன்படிக்கைப்படி திப்பு ஆங்கிலேயக் கைதிகளை விடுவிக்க வேண்டும். பலர் வந்தார்கள். மதம் மாற்றப்பட்டுத் தன் படையில் சேர்க்கப்பட்ட சிலரைத் திப்பு விடவில்லை. ஜேம்ஸ் ஸ்கர்ரி என்ற பையன் பத்து வருடம் கழித்துத் தப்பி வந்து தன் கதையை எழுதினான். திப்புவின் சிப்பாயாய் நின்றவனை ஆங்கிலேயர் கைதி என்றே எடுத்துக்கொண்டார்கள், ஓடிப்போனவன் என்று தள்ளவில்லை. டிலனாய்க்குக் கிடைத்திருக்க முடியாத சலுகை அது என்று நினைக்கிறேன். டிலனாய் தப்பிவர முயலவில்லையே.

நம் காலத்துக்கு வருவோம். அமெரிக்கச் சிப்பாய் பெர்க்டால் 2009இல் ஆப்கானிஸ்தானில் தன் முகாமை விட்டுத் தானாகவே வெளியேறித் தாலிபான்களிடம் சிக்கினார். 2014 மே மாதம் குவாண்டனாமோவிலிருந்த ஐந்து தாலிபான்களைக் கொடுத்து அவரை மீட்டார்கள். 'ஓடிப்போனவனுக்கு ஐந்து பேரா?' என்று அந்த நாடே இரண்டுபட்டது. 2017இல் ராணுவ நீதிமன்றத்தில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறையில்லை, அவமதிப்போடு வெளியேற்றம். 2023இல் வேறொரு நீதிபதி அந்தத் தீர்ப்பையும் ரத்து செய்தார். இதில் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். ஆளை மீட்பது ஒன்று, அவன் செய்ததை விசாரிப்பது வேறொன்று. குற்றவாளி என்று முன்கூட்டியே முடிவு செய்து அந்நியன் கையில் விட்டுவிட்டால் பிறகு யாரை விசாரிப்பது?

என் பெரியப்பா விளவங்கோடு தாலுகாவில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு காரோட்டில் குடியேறியவர். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனார். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தபோது அங்கே கைதியானார். பிறகு இந்திய தேசிய ராணுவம். ஏன் சேர்ந்தீர்கள் என்று நான் கேட்டதற்கு அவர் தேசபக்திச் சொற்பொழிவு எதுவும் செய்யவில்லை. 'பட்டினி ஒரு பக்கம். கேட்டியா, போஸ் பேசினா கேட்டுக்கிட்டே நிக்கலாம், அது ஒரு பக்கம்' என்றார். இரண்டும் உண்மை என்றே நம்புகிறேன்.

போர் முடிந்ததும் ஆங்கிலேயர் அவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். பெரியப்பா கறுப்பு. 1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ், சேகல், தில்லான் மூவர்மேலும் விசாரணை தொடங்கியபோது நாடே கொந்தளித்தது. ஆயுள் தண்டனை தளர்த்தப்பட்டது. ஆனால் பெரியப்பா போன்றவர்களுக்குப் பட்டாளத்துச் சம்பளப் பாக்கியும் இல்லை, பென்ஷனும் இல்லை. சுதந்திர இந்தியாவின் ராணுவமும் அவர்களைத் திரும்பச் சேர்க்கவில்லை. ஊரில் சிலர் 'ஜெய்ஹிந்த்' என்று மாலை போட்டார்கள். வேறு சிலர் முதுகுக்குப் பின்னால், 'சோறு போட்டவனை விட்டுட்டு ஓடினவன்' என்றார்கள். இதைச் சொன்னவர்களில் எங்கள் சொந்தக்காரர்களும் உண்டு.

1972இல் தியாகிகள் பென்ஷன் திட்டம் வந்தது. பெரியப்பா மனுப் போட்டார். ஒரு அலுவலகத்தில், 'நீர் பிறந்த தாலுகா தமிழ்நாட்டிலல்லவா, அங்கே போம்' என்றார்கள். அங்கே போனால், 'குடியிருப்பு கேரளத்தில், அங்கேயே கேளும்' என்றார்கள். காவலில் இருந்ததற்குச் சான்று வேண்டுமென்றும் கேட்டார்கள். கறுப்பு என்று எழுதிய தாள் ஒன்று அவரிடம் இருந்தது. அது கரையான் அரித்துப் பாதிதான் மிச்சம். நாலைந்து வருடம் அலைந்தார். பிறகு விட்டுவிட்டார்.

அந்த அலைச்சலில் ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். தக்கலையில் வேலை முடிந்து, பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் புலியூர்க்குறிச்சிக்கு நடந்து உதயகிரிக் கோட்டைக்குள் போனோம். இடிந்த சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை. மேலே லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து, விரலால் தடவித் தடவித் தமிழ்ப் பகுதியைப் படித்தார். பக்கத்தில் மகனுக்கும் கல்லறை இருந்தது. 'பையன் களக்காட்டுச் சண்டைல செத்தவன்' என்று சொன்னேன்.

'அப்போ மகனும் இந்தப் பக்கந்தானா' என்றார் பெரியப்பா. வெகுநேரம் நின்றார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு, 'வா, களியக்காவிளை வண்டி போயிரும்' என்றார்.