சித்திரகவியும் திரையெழுத்து ஓவியமும்

காஞ்சிபுரத்திற்கும் உத்திரமேரூருக்கும் இடையே, செய்யாற்றங்கரையில் அமைந்த மாகறல், திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற பதியாகும். மூன்றாம் திருமுறையில் 72ஆவதாக நிற்கும் அப்பதிகத்தில், கழனியில் உழைக்கும் கடைசியர் பாடலொலி கேட்கின்றது. சித்திரகவி ஏதும் இல்லை. அப்பெருமானே சீகாழிக்கு ஏகபாதமும் எழுகூற்றிருக்கையும் மாலைமாற்றும் பாடினார். எளிமை கைவந்த ஒருவரே அருமையையும் விரும்பி மேற்கொண்டார் என்பதைச் சித்திரகவியை மிறைக்கவி என ஒதுக்குவோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வினா இன்று வேறொரு வாயிலால் நம்மிடம் வருகின்றது. இணைய உரையாடல் அறைகளில், விசைப்பலகைக் குறிகளை வரிவரியாக அடுக்கிப் பூவும் பூனையும் வரைந்து அனுப்புதல் பெருவழக்காயிற்று. ஆஸ்கிக் குறியீட்டின் அச்சிடத்தகு குறிகள், வெற்றிடம் உட்பட, 95. அவையே அவ்வோவியர்தம் வண்ணங்கள். முக்காற்புள்ளியும் சிறுகோடும் பிறைக்கோடும் சேர்த்து நகைமுகம் காட்டலாம் என்று 1982இல் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன் முன்மொழிந்ததும் இவ்வினத்ததே. இக்கலையை நாகபந்தத்தின் மறுபிறப்பு எனக் கூறுவாரும் உளர். யாம் அதற்கு உடன்படோம்.

உரையாடல் அறை ஓவியத்தில் எழுத்துக்கு ஒலியில்லை, அது வெறுங்கோடு. எல்லாக் குறிகளும் ஒரே அகலம் பெறும் எழுத்துருவில்தான் பூனை பூனையாக நிற்கும். எழுத்துரு மாறின் காது ஓரிடமும் வால் ஓரிடமுமாகச் சிதறும். நாகபந்தத்திலோ பாம்பின் உடல் வழிகாட்டியே அன்றிப் பொருளன்று. பாம்புகள் பின்னிக் கடக்கும் சந்திகளில் ஓரெழுத்தே இரு செய்யுட்கும் பொதுவாய் நிற்றல் வேண்டும். படத்தை அழித்தாலும் செய்யுள் அழியாது. ஏடெழுதுவோன் படத்தை விட்டுவிட்டாலும், கற்றோன் எழுத்தெண்ணி மீண்டும் வரைந்துகொள்வான். எழுகூற்றிருக்கையும் அத்தகையதே. ஒன்றிலிருந்து ஏழுவரை எண்கள் ஏறியும் இறங்கியும் வரும் முறையிலேயே தேர் அடங்கியுள்ளது. கண்ணில்லார்க்கும் அத்தேர் செவிவழிப் புலனாகும்.

எனினும் அவ்விளைஞரை எள்ளுதல் எம் கருத்தன்று. தாம் வரைந்ததைப் பிறர் காண அனுப்பி, மறுமொழி பெற்று மகிழும் பண்பு அவைக்களப் பண்பே. பந்தங்களும் புலவர் கண்டு வியத்தற்கென்றே இயற்றப்பட்டன.

ஆயின் தமிழுக்கு ஓர் இடர் உண்டு. யூனிகோடு முறை உயிர்மெய்யை மெய்யின் வடிவும் உயிர்க்குறியுமாகப் பிரித்து வைக்கின்றது. 'விகடகவி' என்பது நமக்கு ஐந்தெழுத்து. கணிப்பொறிக்கு ஏழு குறி. அக்குறிகளை அப்படியே திருப்பினால் உயிர்க்குறி முன்னே வந்து நின்று சொல் கெடும். மாலைமாற்று, மாலைமாற்றன்று எனத் தீர்ப்பாகும். தண்டியலங்காரம் கூறும் பன்னிரு சித்திரகவிகளுள் கோமூத்திரி, சுழிகுளம், சக்கரம், சருப்பதோபத்திரம் ஆகிய எவற்றைப் பொறியிலேற்றி ஆராயினும் இவ்விடர் தொடரும். ஆதலின் சீகாழி மாலைமாற்றைக் கணிப்பொறியால் ஆராயப் புகும் மாணவர், குறியை எண்ணாது யாப்பிலக்கணம் எண்ணும் எழுத்தையே எண்ணுமாறு பொறிக்குக் கட்டளை வகுத்த பின்னரே ஆய்வைத் தொடங்குதல் வேண்டும்.